இரட்டைக் கோடு விழுந்த சட்டை

வக்கீலம்மா அந்த யோசனையைச் சொன்னபோது என் கையில் இஸ்திரிப் பெட்டி இல்லாதது அவருடைய நல்ல நேரம்.

"அக்கா, நாளைக்கு உங்க கொழுந்தனுக்குக் கொஞ்சம் கசங்கின சட்டையா குடுத்தனுப்புங்க. ஷேவ் பண்ண வேணாம்னும் சொல்லிடறேன். ஜட்ஜ் பார்த்தவுடனே தெரியணும்."

"என்ன தெரியணும்?"

"நோயாளின்னு."

அவர் கெட்டவர் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொன்னார். எங்களுடையது லாண்டரிக் கடை. கீழே கடை, மேலே வீடு. முதல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது தோளில் மறுபடி ஆபரேஷன் செய்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்; சாட்சி சொல்லப் போக முடியவில்லை. மாமியார் கடையில் இருந்ததிலேயே நல்ல சட்டையை எடுத்துக் கொடுக்க, என் கணவர் கத்திபோல மடிப்பு வைத்துத் தேய்த்து அனுப்பியிருந்தார். எங்கள் கடையிலிருந்து ஒரு துணி கசங்கிப் போனால் இருவருக்கும் சோறு இறங்காது. அதோடு, சிறை டாக்டர் கொடுத்த மாத்திரை அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் என் கொழுந்தன், எங்கள் வீட்டுச் சின்னவன், மரியாதையாகப் பதில் சொன்னானாம். இவ்வளவு நேர்த்தியாக, தெளிவாக இருப்பவருக்கா மனநோய் என்று நீதிபதி கேட்டார். பத்து வருஷம் சிறை என்று தீர்ப்பெழுதிவிட்டார். குணமாக்கிய மருந்தே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன கொடுமையை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அடி வாங்கியது நான். அதையும் சொல்லிவிட வேண்டும். உயரத்தில் தொங்கும் துணியை எடுக்கிற கொக்கிக் கம்பியால் அடித்தான். வலது தோள் உடைந்தது. இன்றைக்கும் அந்தக் கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவன்மேல் வராமல் இருக்குமா? வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

ஆனால் வேறு சிறைக்கு மாற்றிய பிறகு மாத்திரை நின்றுபோயிருக்கிறது. பார்க்கப்போன அண்ணனையே "நீ யாரு, எங்க அண்ணன் சட்டையை ஏன் போட்டிருக்கே?" என்று கேட்டிருக்கிறான். இவர் வீட்டுக்கு வந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வக்கீலம்மா மனுப் போட்டு மாத்திரையை மறுபடி வாங்கிக் கொடுத்தார். மேல்முறையீடும் செய்தார்; அதில் என் சாட்சியைக் கேட்க அனுமதியும் வாங்கினார். ஜெயித்தால் காவல் உள்ள மனநல மருத்துவமனை. தோற்றால் மிச்ச வருஷமெல்லாம் அந்தச் சிறைதான்; மாத்திரை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இப்போது பழைய சிக்கலே திரும்பி வந்திருந்தது. மாத்திரை சாப்பிடுகிறான், பார்க்க நன்றாக இருக்கிறான்.

"கசங்கின சட்டையா?" என்றார் மாமியார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு. "எம்புள்ளைக்கு நல்லதுன்னா குடுத்துடலாம்மா. ஆனா நம்ம கடையில கசங்கினதுக்கு எங்க போறது?"

இந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வேணாம் அத்தை," என்றேன். "அழுக்கா இருந்தாதான் நோய்னு நம்புவாங்கன்னா, அந்த நம்பிக்கையை நாமளே ஏன் வளர்த்து விடணும்? நல்ல சட்டையிலயே போகட்டும். நான் பேசிக்கறேன்."

வக்கீலம்மா ஃபைலை மூடிக்கொண்டு கிளம்பினார். சட்டையை நானே தேய்த்தேன். அடிபட்ட பிறகு பெட்டியை நான் தொட்டதே இல்லை. இடது கையால் தேய்க்க, சட்டைக்கையில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு விழுந்தது. பாலியெஸ்டர் கலந்த துணி, சூட்டில் அப்படியே பதிந்துவிட்டது; தண்ணீர் தெளித்துத் திரும்பத் தேய்த்தும் போகவில்லை. மானம் போகிற வேலைதான். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று மடித்துக் கொடுத்தனுப்பினேன்.

நீதிமன்றத்தில் சின்னவன் இரண்டு காவலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். அவனைப் பார்த்ததும் இரண்டு அடி தள்ளியே நின்றேன். பயம்தான். பூசி மெழுக என்ன இருக்கிறது?

நான் சாட்சிக் கூண்டில் ஏறியதும் அரசு வக்கீல் எழுந்தார். "ஆளைப் பாருங்க. நல்லாத்தானே இருக்கார்?"

"நல்லா இருக்கான் சார். மாத்திரை சாப்பிடறான், அதனால நல்லா இருக்கான். அந்தச் சட்டையைத் தேய்ச்சதும் நான்தான். சட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கேன்."

"எட்டு வருஷமா ஒரே வீட்டுல இருந்திருக்கீங்க. அடிக்கிறப்போ உங்களை யாருன்னு தெரியாமலா அடிச்சார்?"

"தெரியாமதான் அடிச்சான்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, விளக்கமாகச் சொல்லச் சொன்னார்.

"எங்க கடையில ஒவ்வொரு துணியிலயும் நம்பர் சீட்டு குத்தியிருப்போம், மாறிடக் கூடாதுன்னு. அந்த மாசம் முழுக்க அவன் சீட்டையெல்லாம் பிச்சுப் பிச்சுப் பார்த்தான். துணியோட சேர்த்து ஆளையும் மாத்தறாங்கன்னான். நாங்க தூக்கம் இல்லாத கிறுக்குன்னு விட்டுட்டோம். அன்னைக்கு நான் படியிறங்கி வந்தேன். கம்பியை எடுத்துக்கிட்டு, 'எங்க அண்ணி துணியைப் போட்டுக்கிட்டு வந்திருக்கியே, அவங்களை எங்க வச்சிருக்கே?'ன்னு கத்திக்கிட்டேதான் அடிச்சான்." நீதிபதியை நிமிர்ந்து பார்த்தேன். "என்னைத் தேடித்தான் சார் என்னை அடிச்சான்."

நீதிபதி மறுபடி பேனாவை எடுத்து எழுதினார்.

"அவரை மன்னிச்சுட்டீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லைங்க. தோள் வலிக்கறப்பெல்லாம் திட்டறேன். அது எனக்கும் அவனுக்கும் நடுவுல உள்ளது. வீட்டுக்கு அனுப்புங்கன்னும் கேக்கல, எனக்குப் பயமா இருக்கு. பூட்டின இடத்துலயே வைங்க. ஆனா மாத்திரை குடுக்கற பூட்டா இருக்கட்டும்."

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. சிறைத்தண்டனை ரத்து. காவல் உள்ள மனநல மருத்துவமனையில் சிகிச்சை; வருஷத்துக்கு ஒரு முறை டாக்டர்களும் நீதிமன்றமும் அவன் நிலையைப் பரிசீலிக்க வேண்டும். மாமியார் என் இடது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

மருத்துவமனைக்குப் போக எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நானும் இவரும், கதவருகே காவலர். அவன் அன்றைய சட்டையையே போட்டிருந்தான். தலை நிமிராமலே பேசினான்.

"உள்ள என்னென்னமோ தோணும் அண்ணி. எதிர்ல இருக்கறது நிஜ ஆளான்னு சந்தேகம் வரும். அன்னைக்குக் கோர்ட்ல உங்களைப் பார்த்ததும் வந்துச்சு."

நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். "அப்புறம்?"

அவன் சட்டைக்கையை மெதுவாக நீட்டிக் காட்டினான். துவைத்துத் துவைத்தும் அந்த இரண்டாவது கோடு லேசாகத் தெரிந்தது.

"அண்ணன் தேய்ச்சா இப்படி விழாது. அம்மா பார்த்திருந்தா வெளிய விட்டிருக்க மாட்டாங்க. வலது கை முடியாத யாரோதான் தேய்ச்சிருக்கணும்." அவன் அந்தக் கோட்டைத் தடவினான். "நான் உடைச்ச கை அது. அப்பதான் நீங்கதான்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தச் சட்டையைக் கழட்டிக் குடு," என்றேன் கடைசியில். "துவைச்சு எடுத்துட்டு வரேன்."

"கோட்டை எடுத்துடாதீங்க அண்ணி," என்றான் சின்னவன்.