உபயம்: பெரிய சகலை

லிப்ட் மெக்கானிக்குக்கும் அவருடைய பெரிய சகலைக்கும் ஒரே வருடத்தில் சிறுநீரகப் புற்றுநோய் வந்தது. அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள் என்பதைத் தவிர இருவருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. பெரியவருக்குத்தான் முதலில் வந்தது. அவருக்கு எதுவுமே முதலில்தான் வரும்: கார், சொந்த வீடு, மாப்பிள்ளை. மெக்கானிக்கின் முறை வந்தபோது, சொந்தக்காரர்களுக்கு அந்த நோயே அலுத்துப்போயிருந்தது.

"இதுலகூட என்னைப் பார்த்து காப்பியா தம்பி" என்று பெரியவர் போனில் சிரித்தார். ஆறுதல் சொல்கிறாராம்.

பெரியவருக்குப் பர்னிச்சர் கடை. அவர் வீட்டுக்குப் புதுசு வந்தால் மெக்கானிக் வீட்டுக்குப் பழசு வரும். முப்பது வருடமாக அதுதான் நடைமுறை. சோபா, ஃபிரிட்ஜ், காலர் தேய்ந்த சட்டைகள். கொடுத்ததோடு விட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து அந்த சோபாவிலேயே உட்கார்ந்து, கைப்பிடியைத் தடவி, "நல்லா உழைக்குதில்ல?" என்று கேட்பார். "உழைக்குது அண்ணே" என்று மெக்கானிக் சொல்ல வேண்டும். சொல்வார்.

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டரம்மா, நரம்பில் ஏற்றும் ஒரே மருந்து. பெரியவருக்கு நுரையீரல் வரை பரவியிருந்த கட்டிகள் கரைந்தன. அதே இடத்தில் மெக்கானிக்குக்கு வளர்ந்தன.

குடும்பம் இதற்கு உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டது. பெரியவர் பீட்ரூட் ஜூஸ் குடித்தார், இவர் குடிக்கவில்லை. பெரியவருக்கு மனோதைரியம் ஜாஸ்தி, இவர் எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர். மெக்கானிக்கின் மனைவி சும்மா இருக்கவில்லை. தினமும் ஜூஸ் போட்டாள். மருந்து ஏற்றும் அறையில் அத்தான் உட்கார்ந்த அதே ஜன்னலோர நாற்காலியைக் கேட்டு வாங்கினாள். மெக்கானிக் அதில் உட்கார்ந்து, சிவப்பாகக் குடித்து, சிவப்பாகவே ஒண்ணுக்குப் போனார். கட்டியிடம் இந்த ஏற்பாடுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அது பாட்டுக்கு வளர்ந்தது.

கடைசியில் கட்டியில் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம வெள்ளையணுக்களுக்கு ஒரு பிரேக் உண்டு. கட்டி அதை அழுத்திப் பிடிச்சுக்கும். இந்த மருந்து பிரேக்கை விடுவிக்கும், அவ்வளவுதான்" என்று ஆரம்பித்தார்.

"காலி லிப்ட்ல பிரேக்கை விட்டா கீழ வராது டாக்டர். அந்தப் பக்கம் எடைக்கல்லு கனம் ஜாஸ்தி. நேரா மேல போயிடும்" என்றார் மெக்கானிக்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி மெக்கானிக்கின் தொடையில் கிள்ளினாள்.

"சிலரோட கட்டிக்குள்ள வெள்ளையணுக்கள் ஏற்கெனவே புகுந்திருக்கும். பிரேக்கை விட்டதும் வேலையைப் பார்க்கும். அதைச் சூடான கட்டின்னு சொல்வோம். உங்களுக்கு எல்லாம் விளிம்புலயே நிக்குது. சுத்தி நார்ச் சுவர் மாதிரி ஒண்ணு இருக்கு. உள்ள வாங்கன்னு அணுக்களைக் கூப்பிடற ரசாயனமும் ரொம்பக் கம்மி. மருந்து நல்ல மருந்துதான். உள்ள ஆள் இல்லாம அது என்ன செய்யும்? உங்களோடது குளிர்ந்த கட்டி."

"என் கட்டிக்கும் சூடு சொரணை கிடையாதுங்கறீங்க."

"ஜூஸ் லேட்டா ஆரம்பிச்சதாலயா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"ஜூஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. ஜூஸ்தான் காரணம் என்றால் இரண்டு டம்ளராகக் கொடுத்திருக்கலாம்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "மாத்து மருந்து ஒண்ணு இருக்கு. கொஞ்ச நாள் தள்ளிப்போடும். அதுக்கப்புறம் எங்கிட்ட பெருசா எதுவும் இல்லை. அதுக்கு முன்னாடி இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது, இஷ்டப்பட்டா சேரலாம். குடல்ல வாழற கிருமிகளுக்கும் இந்த மருந்து கேக்கறதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு நினைக்கிறோம். மருந்து நல்லா கேட்ட ஒருத்தரோட மலத்தைச் சுத்தப்படுத்தி, கேப்சூல்ல அடைச்சு, கேக்காதவங்களுக்குக் கொடுப்போம். மருந்தும் கூடவே ஏறும். சிலருக்கு வெள்ளையணு உள்ள போக ஆரம்பிச்சிருக்கு. எல்லாருக்கும் இல்லை."



"யாரோடது?" என்றார் மெக்கானிக்.

"அது ரகசியம். கொடுக்கறவருக்கும் வாங்கறவருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியக்கூடாது. ரொம்பக் கண்டிப்பான விதி."

அந்தக் கண்டிப்பான விதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தாக்குப்பிடித்தது. பெரியவர் வீட்டில் சாப்பாடு. எல்லோர் தட்டிலும் பரிமாறி முடிக்கும்வரை காத்திருந்து, அவர் தொண்டையைச் செருமினார்.

"ஆஸ்பத்திரில ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் தேடினாங்க. மருந்து கேட்டவங்க பத்துப் பேரைச் சோதிச்சிருக்காங்க. ரத்தம், குடல், எல்லாம். ஒம்பது பேர் பெயில். ஒருத்தர்தான் பாஸ். யாருன்னு நான் வெளிய சொல்லக்கூடாது." சொல்லிவிட்டு, சுட்டுவிரலால் தன் நெஞ்சை இரண்டு தடவை தட்டிக்கொண்டார்.

"இவருக்கு எப்பவுமே வயிறு சுத்தம்" என்றாள் பெரியவரின் மனைவி.

மெக்கானிக்குக்குப் புரை ஏறியது. தன் மனைவியைப் பார்த்தார். அவள் தட்டை விட்டு நிமிரவில்லை. டாக்டரம்மா சொன்னதை அக்காவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறாள். அக்காவிடம் சொன்னால் அத்தானிடம் சொன்ன மாதிரிதான்.

கிளம்பும்போது பெரியவர் வாசல்வரை வந்து தோளில் கை போட்டார். "கூச்சப்படாதீங்க தம்பி. நமக்குள்ள என்ன."

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "டாக்டருக்குப் போன் போட்டு நான் வரலைன்னு சொல்லிடு."

"ஏனாம்?"

"அந்தாளு போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டேன். உக்காந்த சோபால உக்காந்தேன். பாக்கி இருந்தது இது ஒண்ணுதான்."

மனைவி கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். "நாத்தமே இருக்காதாம். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கினா ஆச்சு."

"நாத்தத்தை விடு. நாளைக்கு வந்து என் வயித்தைத் தடவி, நல்லா உழைக்குதான்னு கேப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்து முடித்து, அந்தத் துண்டையே நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"கேக்கட்டும். உழைக்குதுன்னு சொல்ல நீங்க இருப்பீங்க இல்ல. நீங்க போயிட்டா என் கதி என்னன்னு யோசிச்சீங்களா? அக்கா அவ பழைய புடவையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கிட்டு வருவா. தனியா இருக்காதேன்னு கூட்டிட்டுப் போய் மாடி ரூம்ல வெச்சுப்பா. தங்கமான மனசு, நான் குறை சொல்லலை. அவங்க சாப்பிட்ட பிறகு நான் சாப்பிடணும். அவங்க டிவியை அணைச்ச பிறகு நான் தூங்கணும். அத்தான் வந்து சௌகரியமா இருக்கியாம்மான்னு கேப்பாரு. சௌகரியமா இருக்கேன் அத்தான்னு நான் சொல்லணும். நீங்க முழுங்கினா ஒரு நாளோட போச்சு. முழுங்கலைன்னா, நான் சாகற வரைக்கும் தினமும் முழுங்கணும்."

மெக்கானிக் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். யோசித்தால், அவர் பார்த்த வேலையும் பழசை வைத்து ஓட்டுவதுதான். ஒரு கட்டடத்து லிப்டில் கழற்றிய ரிலே சுவிட்சை இன்னொரு கட்டடத்து லிப்டில் எத்தனையோ தடவை மாட்டி ஓட விட்டிருக்கிறார். இது யார் வீட்டுச் சாமான் என்று எந்த லிப்டும் முறைத்துக்கொண்டு நடுவில் நின்றதில்லை. மானம் மரியாதையெல்லாம் மனுஷனுக்கு மட்டும்தான். அதனால்தான் மனுஷன் படிக்கட்டில் ஏறுகிறான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்.

குறித்த நாளில், வயிற்றைக் கழுவிக் காலி செய்தபிறகு, நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணம் நிறைய கேப்சூல்களைக் கொண்டுவந்தாள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக வந்ததால் மேலே பனி பூத்திருந்தது. பார்க்க மரியாதையாகத்தான் இருந்தன.

"கடிக்காம முழுங்குங்க."

"கடிக்கற உத்தேசம் எனக்கும் இல்லம்மா."

பாதிக் கிண்ணத்தில் போன் அடித்தது.

"ஆச்சா தம்பி?" பெரியவர்.

"நடந்துக்கிட்டிருக்கு அண்ணே."

"ஒரு மாசமா வெறும் நார்ச்சத்துதான் தின்னுக்கிட்டிருக்கேன். வாய் செத்துப்போச்சு. எல்லாம் உங்களுக்காகத்தான்." சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும்.

மெக்கானிக் கையிலிருந்த கேப்சூலைப் பார்த்தார். எதிரில் மனைவி தண்ணீர் டம்ளரோடு நின்றாள்.

"உங்களுக்குப் பெரிய மனசு அண்ணே" என்றார். அடுத்ததை வாயில் போட்டு, மனசையும் சேர்த்து விழுங்கினார்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் இருந்த மூன்று கட்டிகளில் இரண்டு பாதியாகச் சுருங்கியிருந்தன. மூன்றாவது, கூட்டத்தில் சேராமல், இருந்தபடியே இருந்தது. மறுபடி ஊசி போட்டு எடுத்த சதையில் வெள்ளையணுக்கள் உள்ளே புகுந்திருந்தன.

"கேப்சூலாலயா, இல்ல மருந்தே தாமதமா கேட்டுதான்னு எங்களால அடிச்சுச் சொல்ல முடியலை" என்றார் டாக்டரம்மா. "ஒரே உடம்புலயே கட்டிக்குக் கட்டி சுபாவம் வேற. தொடர்ந்து பார்ப்போம்." மனைவி அந்த அறையிலேயே அழுதாள். மெக்கானிக் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மாவுக்கு இருந்த சந்தேகம் பெரியவருக்கு இல்லை. கடைக்குக் கட்டில் வாங்க வந்தவர்களுக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த விருந்தில் அவருடைய சம்பந்தி முதல்முறையாக வந்து உட்கார்ந்திருந்தார். பெரியவர் பரிமாறும்வரை காத்திருந்து, கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். சம்பந்தியின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"நிஜமாங்களா?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

"நிஜம்தாங்க. அண்ணன் மனசாரக் கொடுத்தது. ரெண்டு கட்டிக்கு நல்லா ஒத்துக்கிச்சு. மூணாவதுக்குத்தான் பிடிக்கலை."

பெரியவர் முகம் கறுத்தது. தன் சரக்கை ஒருவர் திருப்பி அனுப்பியது அவருக்கு இதுதான் முதல் தடவை. சாப்பாட்டை அளைந்தார். "வேணும்னா இன்னொரு தடவை கொடுக்கறேன். டாக்டரைக் கேளுங்க."

சம்பந்தி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

"கொடுங்க அண்ணே" என்ற மெக்கானிக், மனைவி பக்கம் தட்டை நீட்டி, குழம்பில் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். "நான் இங்கதானே இருக்கப்போறேன்."