எட்டாம் நம்பர் காரின் முழங்கை வெட்டு

பழைய பந்தயக் கார் வைத்திருப்பவர்களுக்கு அதை ஓட்டுவதில் அப்படியொன்றும் பெரிய ஆசை கிடையாது. அதைப் பற்றிச் சண்டை போடுவதில்தான் ஆசை. இது நிஜமாகவே அந்தக் கார்தானா, இந்த மரை அந்தக் காலத்து மரையா, இந்தச் சிவப்பு அந்தச் சிவப்பா என்று நாள் முழுக்கப் பேசச் சொன்னாலும் பேசுவார்கள். சோறு தண்ணி வேண்டாம். இண்டியானாவில் எங்கள் பக்கம் சோளக்காட்டு நடுவே ஒரு கொட்டகைக் கதவு திறந்து கிடந்தால், உள்ளே ஒரு கார் இருக்கிறது, அதைச் சுற்றி ரெண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

லவோன் கிரப்பும் அவள் புருஷன் வெண்டலும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள்தான். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அவன் அடிபட்ட கார்களுக்குத் தகரம் தட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஒஹையோவில் ஒரு கோழிக்கொட்டகையிலிருந்து இவர்கள் இழுத்துக்கொண்டு வந்ததுதான் எட்டாம் நம்பர் கார். டில்மன் ரீஸ் என்றொரு மனிதர் 1930களில் தன் பட்டறையில் ஒரே மாதிரி ரெண்டு பந்தயக் கார்கள் கட்டினார். ஒன்று எட்டு, இன்னொன்று பதினொன்று. இவர்கள் கைக்கு வரும்போது எட்டாம் நம்பருக்கு எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, மூக்கு இல்லை. கோழி எச்சத்துக்கு மட்டும் குறைவில்லை. ரீஸ் தன் கையால் தட்டியது என்று மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான், ஓட்டுகிறவர் உட்காரும் குழியைச் சுற்றிய தகரம். லவோனுக்கு அந்தத் தகரம் என்றால் உயிர். மற்றதையெல்லாம் புதிதாகச் செய்துகொள்ளலாம், செய்தும் முடித்துவிட்டார்கள். அதைச் செய்துகொடுக்க ரீஸ் எழுந்து வரப்போவதில்லை.

அந்தக் குழியின் வலப்பக்க ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முழங்கை தகரத்தில் இடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் விட்ட வழி. அந்த வெட்டுதான் வம்பை இழுத்துக்கொண்டு வந்தது.

எங்கள் பழைய கார் சங்கத்துக்குச் சரித்திரப் பொறுப்பாளர் ஹார்லன் ஸ்டக்கி. அறுபதைத் தாண்டியவர், தங்கமான மனிதர், ஆனால் தான் சொன்னது தப்பு என்று ஆயுளில் ஒருமுறைகூடக் காதில் கேட்டுப் பழகாதவர். பதினொன்றாம் நம்பர் அவரிடம்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாகச் சங்கம் கூடும் நாளில் முதல் சுற்று அந்தக் கார்தான் போகும். எது அசல், எது நகல் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். நகல் என்று சொல்லிவிட்டாரோ, கடைசி வரிசையில் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதுதான்.

அவரிடம் ஒரு புகைப்படம் இருந்தது. ரீஸின் பட்டறை முற்றத்தில் எடுத்தது. எஞ்சினை வெளியே எடுத்துப் போட்டிருந்த ஒரு நாளில், எட்டும் பதினொன்றும் வாலைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சுற்றி ரீஸின் ஆட்கள், ஆளுக்கொரு சிகரெட். ரெண்டு காரைப் பற்றியும் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அந்தப் படத்தில் முழங்கை வெட்டு ரெண்டு காருக்கும் இடப்பக்கம் இருந்தது.

ஹார்லன் வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார்.

"தகரம் ரீஸோடதுதான், அதுல சந்தேகமில்ல. ஆனா நடுவுல எவனோ கை வச்சிருக்கான். இடப்பக்கத்தை அடைச்சுட்டு வலப்பக்கம் வெட்டிப்புட்டான். படத்துல இருக்கற மாதிரி மாத்திடுங்க. சனிக்கிழமை சங்கம் கூடும்போது முதல் வரிசையில நிக்கலாம்."

"மாத்தலன்னா?" என்றாள் லவோன்.

"மாத்தலன்னா நகல்தாம்மா. நான் என்ன பண்றது?"

"அடைச்சிருந்தா ஒட்டின தடம் இருக்கணுமே. உள்பக்கம் தடவிப் பாருங்க, ஒண்ணுமே இல்ல."

"கெட்டிக்கார ஆள் ஒட்டியிருப்பான்," என்றார் ஹார்லன்.

படத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டு அவர் போனபிறகு வீட்டில் மூன்று நாள் ரணகளம். வெண்டல் படத்தின் பக்கம். "படம் பொய் சொல்லுமா லவோன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. கோழிக்காரன் என்று சங்கத்தில் ஆளாளுக்கு அவனைக் கிண்டல் செய்தாயிற்று. ஒருமுறையாவது முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்று அவனுக்கும் இருக்காதா. ஒட்டின தடம் இல்லையே என்பதையே லவோன் திரும்பத் திரும்பச் சொன்னாள். "என்னமோ பண்ணித் தொலை," என்று வியாழக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டாள். சொன்ன வாய் மூடுமுன் அழுகையும் வந்தது.

வெண்டல் நேரத்தை வீணாக்கவில்லை. இடப்பக்கத் தகரத்தில் சாக்பீஸால் பிறை வரைந்தான். கண்ணாடி மாட்டினான். வெட்டும் மெஷினை மின்சாரத்தில் செருகினான்.

"படத்தைப் பாத்து ஆழம் எவ்வளவுன்னு சொல்லு," என்றான்.

லவோன் படத்தைக் கையில் எடுத்தாள். வெட்டைப் பார்க்க மனசு வரவில்லை, அதனால் ஆட்களைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தன் புருஷனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையில் எப்போதும் போலப் பென்சில், டேப், பாதி தின்ற சாக்லேட் எல்லாம் புடைத்துக்கொண்டிருந்தன. நெஞ்சில் இடப்பக்கம். ஆண்பிள்ளைச் சட்டைக்கு ஒற்றைப் பை என்றால் இடப்பக்கம்தானே இருக்கும். மறுபடி படத்தைக் குனிந்து பார்த்தாள். ரீஸின் ஆட்கள் அத்தனை பேருக்கும் பை வலப்பக்கம் இருந்தது.

"வெண்டல், நிறுத்து."

அவன் காதில் பஞ்சு. மெஷின் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. லவோன் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"என்னடி இது? கை போயிருந்தா?"

"கை போனா ஒட்டிக்கலாம். உள்ள வா."

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் படத்தைப் பிடித்தாள். கண்ணாடிக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சட்டைப் பை இடப்பக்கம் வந்துவிட்டது. ஒருவன் வலது கையில் போட்டிருந்த கல்யாண மோதிரம், அது இருக்க வேண்டிய இடது கைக்கு மாறிவிட்டது. எட்டு எட்டாகவே இருந்தது, பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. ரெண்டாகவோ ஏழாகவோ இருந்திருந்தால் பார்த்த உடனே பல்லை இளித்திருக்கும். எவனோ நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரின்ட் போட்டிருக்கிறான், அதைச் சட்டம் போட்டு மாட்டி ஊரே கும்பிட்டிருக்கிறது. கண்ணாடிக்குள் ரெண்டு காரிலும் முழங்கை வெட்டு வலப்பக்கம் இருந்தது.

வெண்டல் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "நான் வெட்டப் பாத்தேனே," என்றான்.

லவோனுக்கு இன்னும் ஆறவில்லை. கொட்டகைக்குத் திரும்பிப் போய்க் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். மண் பந்தயத்தில் கார் எப்போதும் இடப்பக்கமாகத்தான் சுற்றும். ஆனால் வேகத்தில் வால் வழுக்கிக்கொண்டு போகும், அதைப் பிடிக்க ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். பனிக்காலத்தில் பஸ் வழுக்கும்போது அவள் செய்வதும் அதுதான். ஒடித்துப் பார்த்தாள். வலது முழங்கை தானாகக் கீழே இறங்கி வெளியே போய், அந்தப் பிறைக்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இத்தனை பேர் இத்தனை வருஷம் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்களே, ஒருத்தராவது காருக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார்களா? அவளும்தான் பார்க்கவில்லை. சிரிப்புத் தாங்காமல் சிரித்தாள்.

மறுநாள் காலை லவோனின் பஸ் வேலை முடிந்ததும் நேராக ஹார்லன் வீட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் வெண்டல் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். "முதல்ல கண்ணாடிய நான்தான் காட்டுவேன். அந்த மூஞ்சிய நான் பாக்கணும்."

ஹார்லன் தன் கொட்டகையில் பதினொன்றாம் நம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பளிச்சென்று அந்தக் காரின் இடப்பக்கம் அழகாக ஒரு பிறை. வெண்டல் படத்தைக் கொடுத்தான், லவோனின் கைக்கண்ணாடியை எதிரில் பிடித்தான். "சட்டைப் பையப் பாருங்க," என்றான்.

ஹார்லன் பார்த்தார். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார்.

"இத வாங்கும்போது இதுக்கும் வலப்பக்கம்தான் இருந்துச்சு," என்றார்.

வெண்டல் கண்ணாடியை இறக்கினான்.

"எவனோ கை வச்சிருக்கான்னு நெனச்சேன். படத்துல வேற மாதிரி இருக்கே. அடைச்சேன், வெட்டினேன். நானே என் கையால வெட்டினேன்."

"வெட்டின துண்டு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள் லவோன்.

"பழைய இரும்புக்குப் போட்டுட்டேம்மா."

அவர் வலது சட்டைக் கையை மடித்துவிட்டுக் காட்டினார். முழங்கை முட்டியில் பழைய காயமும் புதுக் காயமுமாகக் காய்த்துப்போயிருந்தது. "ஒவ்வொரு வருஷமும் வளைவுல இடிக்கும். அந்தக் காலத்து ஆளுங்க ஒல்லி, நான்தான் குண்டாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன். டாக்டர் சொல்லாமயே நானா பட்டினி கிடந்தேன் தெரியுமா. என் பொண்டாட்டி கையால செஞ்ச ஆப்பிள் பலகாரத்தக்கூட விட்டேன்."

லவோன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வெண்டலோ, "நான் மட்டும் என்ன, சாக்பீஸே போட்டுட்டேன். இவ ஒயரப் பிடுங்கலன்னா என்னுதும் போயிருக்கும்," என்றான். அப்படி ஒரு நல்ல வார்த்தை அவன் வாயிலிருந்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் மேல் அவளுக்குப் பிரியம் பொங்கியது.

வெளியே கிளம்பும்போது அவள் கேட்டாள். "சனிக்கிழமை என்ன சொல்லப்போறீங்க ஹார்லன்? நாங்க வாயத் திறக்க மாட்டோம்."

"அது எனக்குத் தெரியும்," என்றார் அவர். துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கத் திரும்பிவிட்டார். அன்று முழுக்க லவோனுக்கு அதே நினைப்பு. தகரம் பிழைத்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் வாய் திறந்து சொன்னால்தான் அது அசல். சொல்லாவிட்டால் ஐஸ்கிரீம் வண்டிதான்.

சனிக்கிழமை கண்காட்சி மைதானத்து மண் பந்தயத் தடத்தில் நல்ல வெயில். தட்டைவிடப் பெரிதாகப் பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச்சோடு சங்கமே திரண்டிருந்தது. வெண்டல் கடைசி வரிசையில் காரை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஹார்லன் மைக்கைப் பிடித்தார். படம் திரும்பின கதையைச் சட்டைப் பையில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். தன் காரை வெட்டியதைச் சொன்னார். முழங்கையைத் தூக்கிக் காட்டி, பட்டினி கிடந்ததையும் சொன்னார். பிறகு யாரோ, "அப்போ பட்டினி கிடந்ததெல்லாம் வீணா?" என்று கேட்க, முதலில் சிரித்தவர் ஹார்லன்தான்.

"எட்டாம் நம்பர் முன்னாடி வரட்டும்," என்றார். "ரீஸ் கை வச்சபடி இருக்கறது இனிமே அது ஒண்ணுதான்."

முதல் சுற்றை லவோன் ஓட்டினாள். வெண்டல் வேலியோரம் நின்று பார்ப்பவர்களிடமெல்லாம், "என் பொண்டாட்டி, என் பொண்டாட்டி," என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது அவள் முகமெல்லாம் மண், பல் மட்டும் தெரிந்தது. கூட்டத்துக்குப் பின்னால் ஹார்லன் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவள் இறங்கி நேராக அவரிடம் போனாள்.

ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "ஏறுங்க."

"ஐயோ, உன் காரும்மா."

"பேசாம ஏறுங்க. எஞ்சின் சூடு ஆறிடும்."

அவர் ஏறினார். முதல் வளைவில் கார் வழுக்கியது, புழுதி எழுந்து மறைத்தது, லவோன் வேலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். புழுதிக்குள்ளிருந்து கார் நேராக வெளியே வந்தது. ஒரு சுற்று போதும் என்று கொடியசைத்தும் அவர் நிறுத்தவில்லை, இன்னொன்று போனார், அதற்குமேலும் ஒன்று போனார்.

வந்து நிறுத்தியபோது கண்ணோரம் ஈரம், புழுதியில் கோடு போட்டிருந்தது. வெண்டல் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தான். "என்னாச்சு ஹார்லன்?"

"இடிக்கலடா," என்றார் அவர்.