மல்லிகைப் பாத்தியில் ஏழு கன்றுகள்

மல்லிகைப் பாத்தியில் களை பிடுங்க உட்கார்ந்தபோதுதான் அந்தக் கன்றுகளைப் பார்த்தேன். ஏழு. தடித்த தண்டு, பளபளவென்று இரண்டிரண்டு இலை. ஒன்றைப் பிடுங்கினேன். வேரோடு பாதி பிளந்த பலாக்கொட்டை வந்தது.

நான் சர்க்கரைக்காரன். போன வருஷம் வலது காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. அன்றிலிருந்து என் மனைவி வேளாங்கண்ணி வீட்டுக்குள் வாழைப்பழத்தைக்கூட விட்டதில்லை. ஆவூர் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்தாலும் என் சட்டைப்பையை மோந்து பார்ப்பாள். ஒருமுறை கடலைமிட்டாய்த் தாளோடு பிடிபட்டு மூன்று நாள் பேச்சு வாங்கினேன்.

பாத்தியில் உரம் போட்டதும் நான்தான். கொல்லையில் கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறை ஒன்றை இறக்கி, காய்கறித் தோல், சருகு, சாணி என்று ஆறு மாதம் மக்கவைத்தேன். போன மாதம் சலிக்கச் சோம்பல்பட்டு, மக்கியது மக்காதது எல்லாவற்றையும் கூடையோடு கொட்டிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டுக் குப்பையில் பலாக்கொட்டை எப்படி வந்தது? சத்தியமாக நான் தின்னவில்லை. அணில் கொண்டுவந்து போட்டதா? ஏழு கொட்டையையுமா? வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அவள் என்னை நம்பப்போவதில்லை.

டீயோடு வந்தாள்.

"ஏன் இங்கிட்டு வந்து உக்காந்தீங்க? கால்ல மண்ணு படும்ல."

என் கையில் கன்று. அவள் அதைப் பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள். நான் திட்டுக்குத் தயாரானேன்.

"டீ ஆறுது, குடிங்க."

அவ்வளவுதான். சட்டைப்பையை மோந்து பார்க்கிறவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலுப்பூர் கடைக்குப் போய்வந்த ஏதோ ஒரு நாள், வாசம் என் மூக்குக்கு எட்டாதபடி இந்தக் கொல்லை மூலையில் நின்று பலாச்சுளையைத் தின்று, கொட்டைகளை உறைக்குள் போட்டிருக்கிறாள். எனக்காக அவளும் ஒரு வருஷமாய்ப் பத்தியம் இருக்கிறாள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"நல்லா இனிச்சுச்சா?" என்று கேட்டேன். கிண்டலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.



"ஒளிஞ்சு நின்னு தின்னா என்னத்த இனிக்கும்."

கன்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வேலி ஓரம் போய்க் குந்தி, என் களைக்கரண்டியால் குழி பறித்தாள்.

"இது காய்க்க ஏழெட்டு வருசம் ஆவுமே," என்றேன்.

"அதுவரைக்கும் நீங்க இருக்கணும்ல."

கன்றைக் குழியில் இறக்கினாள். உறையின் அடியில் மிஞ்சியிருந்த உரத்தில் ஒரு கை அள்ளியவள், போடுவதற்கு முன் இன்னும் கொட்டை கிடக்கிறதா என்று விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தாள்.