மலை திருப்பும் ஸ்டியரிங்

முருகேஸ்வரி ஸ்டியரிங்கைத் திருப்பினால் அவளுடைய கார் திரும்புவதில்லை, மலைதான் திரும்பும். பவர் ஸ்டியரிங்கைக் கழற்றிச் சாதா ஸ்டியரிங் ஆக்கிய நாளிலிருந்து இப்படித்தான். கார் நேராகப் போய்க்கொண்டிருக்கும். வளைவு வந்ததும் மாட்டுப்பட்டி மலை, தேயிலைத் தோட்டம், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், பால் பண்ணை, அணைக்கட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்து, ரோட்டைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் வைக்கும். பெரிய சத்தம் எதுவும் வராது. ஆட்டுக்கல்லில் மாவு பாதி அரைபட்ட பிறகு ஒரு சத்தம் கேட்குமே, அவ்வளவுதான்.

அவள் எஸ்டேட் லைனில் பிறந்தவள், டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவள். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் டிரிப் இருக்கிறது என்று கிளம்பிப் போய்ப் போய், கடைசியில் பேச்செடுத்தவர்களே களைத்துவிட்டார்கள். ரிசார்ட் ஒன்றின் பின்பக்கக் கொட்டகையில், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முதன்முதலாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது. இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிவிடலாம். கோழிகளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு வண்டியை வாங்கி வந்தாள். எஞ்சின் சொன்னபடி கேட்டது. ஸ்டியரிங்தான் பிடிக்கவில்லை. சுண்டுவிரல் பட்டாலே சுற்றியது, பம்பிலிருந்து எண்ணெய் ஒழுகியது. ஒழுகினால் துடைத்துக்கொள்ளலாம். ஜீப்பில், மூடுபனி இறங்கிக் கண் தெரியாத நேரத்தில், கல்லும் பள்ளமும் ஈரமும் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேதி சொல்லும். இந்தக் காரில் ரோடு வாயே திறக்கவில்லை.

லாரிக்காரர்களிடம் விசாரித்தபோது எல்லோரும் வாளையார் மெக்கானிக் சென்னிமலையைக் கைகாட்டினார்கள். சோதனைச் சாவடிக்கு லாரிகள் வரிசை கட்டும் நெடுஞ்சாலையோரம் அவனுக்கு ஒரு ஷெட் இருந்தது. நாற்பது தாண்டியவன், கட்டைப் பிரம்மச்சாரி. எவ்வளவு பெரிய லாரியின் ஸ்டியரிங்கையும் பிரித்து மாட்டிவிடுவான். ஆனால் மலைப்பாதை அவனுக்கு ஆகாது. இரண்டாவது வளைவிலேயே குடலைப் புரட்டும். மலைமேல் ஆனைகட்டியில் வாழ்க்கைப்பட்ட கூடப்பிறந்த அக்கா காளியாத்தாள் வீட்டுக்கே அவன் போனதில்லை. அக்கா கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

“பம்பு பெல்ட்ட மட்டும் கழட்டி விட்டா பத்தாதா மேஸ்திரி?” என்று கேட்டாள் முருகேஸ்வரி.

“பத்தாதுங்க அம்மிணி. உள்ள எண்ணெ கெடந்து எதுத்துத் தள்ளும். செஞ்சா முழுசாச் செய்யோணும்.”

முழுசாகவே செய்தான். பம்பையும் குழாய்களையும் எடுத்துப் போட்டான். முன்சக்கரங்களை இழுத்துத் தள்ளும் ரேக்கை வெளியே எடுத்துப் பிரித்து, எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையத்தை அறுத்தான். ஸ்டியரிங் தண்டு ரேக்கைத் தொடும் இடத்திலிருந்த சின்ன ஆட்டத்தை வெல்டிங் வைத்து அடைத்தான். குழாய் போன ஓட்டைகளை மூடி, உள்ளே கிரீஸைத் திணித்து, திரும்பவும் மாட்டினான். “இனிமே எடையெல்லாம் உங்க கைக்குத்தானுங்க வரும்” என்றான். “வரட்டும்” என்றாள் அவள்.

வாளையாரிலிருந்து உடுமலை வரைக்கும் சமதளம். இரண்டு பக்கத்துத் தென்னந்தோப்புகள் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுத்திருக்கலாம், யாரும் கவனிக்கவில்லை. சின்னாறு தாண்டி மேலே ஏறும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கை வலித்தது, காரின் மூக்கு நேரே பார்த்தபடியே இருந்தது, எதிரே பாறையும் மூங்கிலும் அதன் நடுவே நின்ற யானையும் ஒன்றாக நகர்ந்தன. யானை மட்டும் ஒரு காலை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டது. அவள் பயப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், ஒவ்வொரு கல்லும் உள்ளங்கையில் பேசுவது தெரிந்தது.

மாட்டுப்பட்டியில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. லைன் வீட்டுச் சின்னத்தாயியின் அடுக்களைக்கு அதுவரை வெயிலே வந்ததில்லை. இப்போது சாயங்காலம் நேராக அடித்தது. அவள் மிளகாயைக் காயப்போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். மாடுகள் வழக்கம்போல் கறந்தன. பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வந்தவர்கள் மலை நகர்வதை நின்று பார்த்தார்கள், மலையாளத்தில் கூடிப் பேசினார்கள், வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடித்தால் போதும் என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்கள்.

அவள் சென்னிமலைக்குப் போன் போட்டாள். “மேஸ்திரி, வண்டி திரும்ப மாட்டேங்குது. மலைதான் திரும்புது.”

“ஸ்டியரிங் டைட்டா இருக்குதுங்களா, லூசா ஆடுதுங்களா?”

“டைட்டாத்தான் இருக்கு.”

“அப்பொறம் என்னங்க, வேலை சரியாத்தானே இருக்குது” என்றவன் போனை வைக்கவில்லை. குரலை இறக்கிக் கேட்டான்: “ஏனுங்க அம்மிணி, அப்ப வண்டி வளையறதே இல்லீங்களா?”

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. காளியாத்தாள் மகள் மௌனிகாவுக்கு ஆனைகட்டியில் கல்யாணம். தாய்மாமன் வந்து கைப்பிடித்து மணமேடைக்குக் கூட்டிவராவிட்டால், எனக்குத் தம்பியே பிறக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் இதைச் சொன்னதும் முருகேஸ்வரி கூட்டிப்போக ஒப்புக்கொண்டாள். கல்யாணத்தன்று காலையில் வாளையாருக்கு வந்து நின்றாள். சென்னிமலை பட்டு வேட்டி கட்டி, மடியில் சீர்த்தட்டும் கையில் எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பைகளுமாக ஏறிக்கொண்டான்.

மாங்கரை தாண்டி முதல் வளைவு வந்தபோது அவன் கண்ணை இறுக்க மூடினான். குடல் அதன் இடத்திலேயே இருந்தது. அடுத்த வளைவில் ஒரு கண்ணைத் திறந்தான். தெருவோரம் நின்று தேர் திரும்புவதைப் பார்ப்பதுபோல இருந்தது: காடு, பாறை, பாறைமேல் குந்தியிருந்த குரங்குகள் எல்லாம் மரியாதையாகச் சுற்றி வந்து வழிவிட்டன. சென்னிமலை சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. எலுமிச்சம்பழத்தை ஒரு குரங்குக்குக் கொடுத்தான்.

கடைசி வளைவில் மலை பாதி திரும்பி நின்றுவிட்டது. அது பெரிய மலை. முருகேஸ்வரி பல்லைக் கடித்து இழுத்துப் பார்த்தாள், மலை அசையவில்லை. முன்னால் ரோடு இல்லை, பள்ளத்தாக்கு வாயைப் பிளந்திருந்தது. முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“அந்தப் பம்பைக் கழட்டாம உட்டிருக்கோணுமுங்க” என்றான் சென்னிமலை, வெளிறிப்போய்.

“பம்பு மலையத் தள்ளுமாய்யா? பேசாம ஒரு கை பிடியும்!”

அவன் சீர்த்தட்டைக் காலடியில் வைத்துவிட்டு, அவள் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளைப் போட்டான். லாரி ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிப் பழகிய கைகள். இருவரும் சேர்ந்து இழுத்தபோது மலை ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்து, ஆனைகட்டி ரோட்டைக் கொண்டுவந்து வைத்தது. அதன் பிறகு வளைவே இல்லை என்பதையும், கையை எடுத்துவிடலாம் என்பதையும் இருவரும் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார்கள்.

மண்டபத்து வாசலில் காளியாத்தாள் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன்டா, இத்தன வருசமா ரோடு வளைஞ்சுதானே கெடந்துச்சு? இப்ப மட்டும் எப்படி வந்தே?”

“நாங்க வளையலீங்க அக்கா. மலையத்தான் வளைச்சோம்.”

அவள் அவன் முதுகில் ஒன்று வைத்து, அங்கேயே கட்டிக்கொண்டு அழுதாள். உள்ளே கிழக்கு கொஞ்சம் நகர்ந்திருந்ததால் மணமேடைப் பலகைகளைத் திருப்பிப் போட்டார்கள். சென்னிமலை மௌனிகாவின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தான். தாலி நல்ல நேரத்தில் ஏறியது. பந்தியில் காளியாத்தாள், “இந்தப் புள்ள யாருடா?” என்று காதோடு கேட்டாள். ஸ்டியரிங் வேலைக்கு வந்தவங்க என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அதற்குள் பக்கத்து இலையிலிருந்த முருகேஸ்வரி தலை நிமிராமல், “இன்னொரு கை ரசம் ஊத்துங்க மதினி” என்றாள். அக்காவுக்கு அந்த ‘மதினி’யே போதுமாக இருந்தது.

அடுத்த தையில் அவர்களுக்குக் கல்யாணம். சென்னிமலை ஷெட்டை மாட்டுப்பட்டிக்கு மாற்றிக்கொண்டான். ஏறுவதும் இறங்குவதும் அவள் காரில் மட்டும்தான். பெரிய வளைவுகளில் இரண்டு பேரும் கை போடுகிறார்கள். ஹார்ன் கேட்டதும் லைன் வீட்டுப் பெண்கள் கொடித்துணியை வெயில் வரப்போகும் பக்கம் மாற்றிப் போடுகிறார்கள். மாட்டுப்பட்டியில் இப்போது வெளியூர்க்காரர்கள் யாராவது அணைக்கட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டால், ஊர்க்காரர்கள் சட்டென்று கையை நீட்டிவிடுவதில்லை. “முருகேஸ்வரி வீட்டுக்கு வந்து சேந்தாச்சா?” என்று உள்ளே குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் கைகாட்டுகிறார்கள்.