பூட்டிய அலமாரியில் ஒரு மேளக்காரி

மேளம் அடிக்கும் முஸ்லிம் சிறுமியைப் பற்றிய படப் புத்தகம் ஸ்ரீவில்லிபுத்தூர் வாடகை நூலகம் ஒன்றில் இருக்கிறதாம். என் மகள் நௌஷீனை இழுத்துக்கொண்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். நூலகத்தின் சிறுவர் பகுதியில் முயலும் நரியும் இருந்தன, மேளக்காரியைக் காணோம்.

நூலகர் வைகுண்டராஜ் பெருமையோடு மேலே காட்டினார். பக்தி நூல்களுக்கு நடுவே, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருந்தாள்.

"அட்டையில முக்காடு இருந்துச்சு. வேதப் புஸ்தகம்னு மரியாதையா வச்சேம்மா. பிள்ளையள் கை படக்கூடாதுல்லா?"

செருப்பைக் கழற்றிவிட்டு, பூட்டைத் திறந்து, இரு கையாலும் புத்தகத்தை எடுத்து விரித்தார். உள்ளே அவள் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள், நாக்கை வேறு துருத்தியபடி. நௌஷீன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

என் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்.

"அப்ப என்னையும் உள்ள வச்சுப் பூட்டிருவியளா, அண்ணாச்சி?"