நீல டிரம் கொடுத்த அன்று எடுத்த படம்

பாய்லர் சந்தில் அப்பாவுவைக் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. விம்கோ நகரில், மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி நாற்பத்தொரு வீடு. கேஸ் புத்தகமோ பள்ளிக்கூட ஃபாரமோ, எந்தத் தாளும் முதலில் அவரிடம்தான் வரும். அவர் மூன்றாவதோடு நின்றவர். தாளைப் படிக்கமாட்டார். திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே எவ்வளவு வெறுமையாகக் கிடக்கிறது என்று விரலால் அளப்பார். "வாணாம்" என்பார். பெரும்பாலும் அதுதான் பதில்.

காரணம் அவருடைய அண்ணன். இருபது வருஷத்துக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்த வந்தவன், "வூட்டுக்கு நம்பர் போடத்தான்" என்று சொல்லி ஒரு வெற்றுத்தாளில் அண்ணனிடம் கைநாட்டு வாங்கிப்போனான். வீட்டைத் தானே மனசார விட்டுக்கொடுத்ததாக அந்தத் தாளில் பிறகு எழுத்து முளைத்தது. அண்ணன் மணலி புதுநகரில் ஒரு தகரக் கொட்டகையில் செத்துப்போனார்.

அதனால் மனை புரோக்கர் மாசானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மினி லாரி நிறைய நீல பிளாஸ்டிக் டிரம்மோடு சந்துமுனையில் வந்து நின்றபோது, அப்பாவு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனார்.

"இன்னா மாசானம், எங்க மேல திடீர்னு பாசம்?"

"தண்ணி லாரி வந்தா புடிச்சி வெக்க ஏனம் இல்லாம கஷ்டப்படறீங்க பெர்சு. வூட்டுக்கு ஒண்ணு. வாங்கிக்கினதுக்கு இதுல ஒரு கையெழுத்து, அவ்ளோதான்."

"அவ்ளோதானா? பேமானி, எங்க அண்ணன்கிட்டயும் இத்தயேதான்டா சொன்னானுங்கோ!" அப்பாவு கையை ஓங்கிக் கத்தினார். "எவனும் கையெழுத்து போடாதீங்க, சொல்ட்டேன்!"

மாசானம் சிரித்தான். "கோச்சிக்காத பெர்சு. கையெழுத்தே வாணாம். சும்மா எட்த்துக்கினு போங்க."

அப்பாவு நடுவில் நின்று கையை ஓங்கித் திட்டிக்கொண்டே இருக்க, சனம் வரிசையில் நின்று எடுத்துக்கொண்டது. மாசானத்தோடு வந்தவன் ஒருவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். விளம்பரத்துக்கு எடுக்கிறான் போல என்று அப்பாவு நினைத்தார். ஆனாலும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. எதுவும் வாங்காமல் மாசானம் எதையும் கொடுத்ததில்லை. அவர் மட்டும் டிரம் எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து யசோதரா வந்தாள். வியாசர்பாடிக்காரி. ஒரு வக்கீல் ஆபீசில் வேலை. கையில் பேப்பரில் வந்த அறிவிப்பும் ஒரு மனுவும். குழாயடியில் கூடியவர்களிடம் விளக்கமாகத்தான் சொன்னாள். இந்தச் சந்து இருக்கும் சர்வே நம்பரைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து எடுத்துத் தொழிற்சாலைப் பகுதி என்று மாற்றப்போகிறார்கள். பக்கத்தில் கன்டெய்னர் யார்டு வருகிறது. மாற்றிவிட்டால் இங்கே பட்டாவும் கிடையாது, மாடி கட்ட அனுமதியும் கிடையாது. இருபத்தொரு நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கவேண்டும். இன்னும் இரண்டே நாள் பாக்கி.

"இதுல எல்லாரும் கையெழுத்து போடணும் தாத்தா."

அப்பாவு மனுவைத் திருப்பிப் பார்த்தார். மேலே விரல் வைத்து அளந்தார். மூன்று விரல்கடை வெறுமை.

"வாணாம்."

"போடலன்னா உங்களுக்குச் சம்மதம்னு எடுத்துக்குவாங்க தாத்தா."

"வாயத் தொறக்கலன்னா சம்மதமா? இது இன்னா பொண்ணு பாக்குற சமாசாரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். யசோதரா சிரிக்கவில்லை.

அஜீசா மெல்ல வாயைத் திறந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள், பிளவுஸ் தைப்பவள். மகள் அனமுக்காக மேலே ஒரு ரூம் போட இரண்டு வருஷமாகச் செங்கல் வாங்கி அடுக்கிவைத்திருக்கிறாள். "அண்ணே, அது சொல்றது நெஜமா இருந்தா என் செங்கல்லு அங்கயே கெடந்து பாசிதான் புடிக்கும்."

"டிரம் குடுத்தவன் கையெழுத்து கேட்டான். இதுவும் கேக்குது. ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்? யாரு அனுப்பிச்சாங்கோ உன்னிய?"

"நம்பவேணாம் தாத்தா," என்றாள் யசோதரா. "ஃபைல யார் கேட்டாலும் காட்டணும். நீங்களே போய்ப் பாருங்க."

பாரு என்று சொன்னதுதான் அவரைக் குடைந்தது. மாசானம் ஒருநாளும் பாரு என்று சொன்னவனில்லை.

மறுநாள் காலையில் படிக்கத் தெரிந்த அஜீசாவைக் கூட்டிக்கொண்டு அப்பாவு அந்த ஃபைல் இருக்கும் நகரமைப்பு ஆபீசுக்குப் போனார். ஒரு மணி நேரம் நிற்கவைத்த பிறகு கிளார்க் ஃபைலைத் தூக்கி மேஜையில் போட்டான். முதலில் வரைபடம். ரயில்பாதை இருந்தது, தொழிற்சாலைச் சுவர் இருந்தது. சந்து இல்லை. அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. "காலி மனை. குடியிருப்பு ஏதும் இல்லை," என்று அஜீசா படித்தாள்.

"இன்னாது? நம்ப வூடுங்கோ?"

"இல்லண்ணே. ஒண்ணு கூட இல்ல."

அடுத்த தாள், குடியிருப்போர் கருத்துக் கேட்புக் கூட்டம். கலந்துகொண்டவர்கள் நாற்பத்தொரு பேர். கதவு எண்ணும் பெயரும் வரிசையாக இருந்தன. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக, "வாய்மொழிச் சம்மதம்." கீழே ஒரு படம். நீல டிரம் வரிசை. அஜீசா டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நடுவில் அப்பாவு, ஓங்கிய கையும் திறந்த வாயுமாக.

அஜீசா அடியில் இருந்ததைப் படிக்கத் தயங்கினாள்.

"படி."

"மூத்த குடியிருப்பாளர் ஒருவர் திட்டத்தை வரவேற்றுப் பேசுகிறார்."

அப்பாவு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அவன பேமானின்னு திட்டிக்கினு கீறேன், அஜீசாம்மா. வரவேற்கிறேனாம்."

கையெழுத்துப் போடாமல் இத்தனை வருஷம் காத்துக்கிடந்தார். யார்டுக்காக மாசானம் கையெழுத்தே இல்லாமல் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். வேண்டாம் வேண்டாம் என்று தான் சொன்னதெல்லாம் மாசானத்துக்குத்தான் தோதாகப் போனது என்பது இப்போதுதான் உறைத்தது.

ஆனால் துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை எண்ணியவர். கணக்கு ஒத்துவராவிட்டால் அவர் கண் தப்பாது. மறுபடி வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். பெயர்ப்பட்டியலைப் பார்த்தார்.

"அஜீசாம்மா, வூடே இல்லாத காலி எடத்துல நாப்பத்தொரு கதவு நம்பரு எங்கேந்து வந்துச்சு? வூடே இல்லன்னா எவன் சம்மதம் சொன்னான்?"

அஜீசா வரைபடத்தையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு தன் செல்போனை எடுத்து இரண்டு தாளையும் படம் பிடித்தாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் யசோதரா அந்த ஒரு கேள்வியையே மனுவில் முதலாவதாக எழுதினாள். அப்பாவு அப்போதும் அவளை முழுசாக நம்பிவிடவில்லை. அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தாளை வாங்கி அனமிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னார். இரண்டும் ஒன்றுதானா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"செரி. ஒரு ஸ்கேல் குடு."

எழுத்து முடிந்த இடத்துக்கும் முதல் கையெழுத்து விழவேண்டிய இடத்துக்கும் நடுவே இருந்த மூன்று விரல்கடை வெறுமையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். துறைமுகத்தில் சரக்கு இறங்கி முடிந்ததும் டேலி ஷீட்டில் மிச்சமிருக்கும் வரிகளை அப்படித்தான் அடிப்பார்கள். அடிக்காத வரியில் ராத்திரியோடு ராத்திரியாகப் பத்து மூட்டை ஏறிவிடும். பிறகு நாற்பது வீட்டுக்காரரும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த வீட்டுக் கரண்ட் கார்டு நம்பரை எழுதச்சொன்னார். காலி மனைக்குக் கரண்ட் கார்டு ஏது? நாற்பத்தொன்றாவதாகத் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். அதற்குக் கீழே இரண்டு கோடு. பின்பக்கம் முழுக்க ஒரு பெரிய பெருக்கல் குறி.

"இனிமே எவனாச்சும் இதுல எதுனா எய்தட்டும், பாக்கலாம்."

கடைசி நாள் பதினெட்டாம் தேதி. காலை பத்து மணிக்கே போய்விட்டார்கள். கிளார்க் மனுவை வாங்கி டிரேயில் போட்டான். "வெச்சிட்டுப் போங்க."

"காப்பில சீல் போட்டுக் குடுங்க சார்," என்றாள் யசோதரா.

"சீல் உள்ள கீது. ஐயா வரணும். நாளைக்கு வாங்க."

அப்பாவு முன்னால் வந்தார். டிரேயிலிருந்து மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மேஜைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அஜீசாவும் உட்கார்ந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

"பெர்சு, எய்ந்திரு. பேஜாரு பண்ணாத."

"நான் இன்னாப்பா பண்றேன்? ஆளே இல்லாத எடத்துலேந்து வந்துகீறேன். நான் குந்திக்கினு கீறதே உன் கண்ணுக்குத் தெரியாதே."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சீல் கிடைத்துவிட்டது. கிளார்க் இரண்டு தாளிலும் குத்தி, நம்பர் போட்டு நீட்டினான். யசோதரா கையை நீட்டினாள். அதற்குள் அப்பாவு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்துதான் அவருக்குத் தகராறு. நம்பர் இல்லை.

"இன்னிக்கு இன்னா தேதி சார்?"

"பதினெட்டு."

"இதுல பத்தொம்போது கீது."

யசோதரா எட்டிப் பார்த்தாள். ஒருநாள் தள்ளி வந்த மனு செல்லாது.

"சீல்ல தேதிச் சக்கரம் திரும்பிகிச்சு போல," என்றான் கிளார்க், அவர் கண்ணைப் பார்க்காமல்.

"திருப்பி வெய்யி. இத்த அடிச்சிட்டு, பக்கத்துல உன் கையெழுத்து போடு. ரெண்டு தாளுலயும்."

கிளார்க் கையெழுத்துப் போட்டான். அவன் பேனா எடுத்த பிறகு, கையெழுத்துக்கும் சீலுக்கும் நடுவே இருந்த கொஞ்சம் வெறுமையில் அப்பாவு தன் பேனாவால் ஒரு சின்னக் கோடு இழுத்தார்.

வெளியே வெயில் கொளுத்தியது. மனு உள்ளே போய்விட்டது. இனி விசாரணைக்குக் கூப்பிடவேண்டும், கூப்பிடுவானோ மாட்டானோ. கூப்பிட்டாலும் என்ன எழுதிக்கொள்வான் என்று யார் கண்டது? அப்பாவு காப்பியை நாலாக மடித்து டவுசர் பாக்கெட்டில் வைத்தார்.

"தாத்தா, அதக் கையில புடிங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்றாள் யசோதரா, செல்போனைத் தூக்கியபடி.

அப்பாவு சட்டென்று துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அண்ணே, நம்ப பொண்ணுண்ணே அது," என்றாள் அஜீசா.

"இருக்கட்டும். அடியில இன்னா எய்தப்போற? மொதல்ல அத்தச் சொல்லு."

யசோதரா செல்போனை இறக்கினாள். "நீங்களே சொல்லுங்க."

"பாய்லர் சந்து அப்பாவு, வாணாம்னு சொல்லிக்கினு கீறாருன்னு எய்து."

அவள் தட்டினாள். அதை அஜீசாவிடம் கொடுத்துப் படிக்கவைத்துக் கேட்டார். அப்புறம்தான் துண்டை இறக்கினார்.