பதினான்கு பாகை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மலேசியாவின் மாசாய் ஊர்த் திடலில், சந்திரமதி செய்த செயலி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கணவனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் புகையைக் குடித்துக்கொண்டு, சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குப் போக வேண்டும். ஜெயபாலன் ஒன்பது வருடமாக அப்படித்தான் போகிறான். அவளும் கிளம்பிவிட்டால் ஏழு வயது மகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் ஆளில்லை. அந்த வேலைக்குப் பதில் சொல்ல வெள்ளிக்கிழமை மாலைதான் கெடு.

சந்திரமதி லேசுப்பட்டவள் இல்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் மின்பலகைகளைச் சோதிக்கும் மேசையில் இருந்தவள். தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் கணினி வகுப்பில் சேர்ந்தாள். முப்பத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லி வாயை வீணாக்கவில்லை.

கைப்பேசியை வானத்துக்கு நேரே பிடித்தால், திரையில் தெரியும் விமானத்தின் மேலேயே அது எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுத்து மிதக்கும். அதுதான் அவள் செயலி. விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தை விடாமல் அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. அதை இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். எழுத்தைத் திரையில் எந்தப் பக்கம் வைப்பது என்பதைக் கைப்பேசிக்குள் இருக்கும் திசைகாட்டி சொல்ல வேண்டும். இரண்டு மாதம் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் தகரக் கூரையின் விளிம்பில் நின்று, தெற்கே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்களைத் துரத்தினாள். எழுத்து ஒவ்வொரு முறையும் பதினான்கு பாகை இடப்பக்கம் தள்ளியே நின்றது. திசைகாட்டியின் லட்சணம் இவ்வளவுதான் என்று அலுத்துக்கொண்டு, பதினான்கைக் கூட்டச் சொல்லி ஒரு வரி எழுதினாள். எழுத்து கச்சிதமாக விமானத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. அன்று மகளுக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது.

ஜொகூர் பாருவில் இப்படிப்பட்ட செயலிகளைச் செய்யும் சிறிய நிறுவனத்தின் மேலாளர் ரூபேந்திரன். செயலி ஓடுவதைப் பார்த்துவிட்டு அவளுக்கு வேலை தரலாமா என்று முடிவு செய்ய வந்தவர். திடலோரம் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொன்னுக்கு மீட்டிங் இருக்குக்கா. காட்டுங்க."

வலப்பக்கத்திலிருந்து ஒரு விமானம் வந்தது. சந்திரமதி கைப்பேசியை உயர்த்தினாள். 'ஹனோய் – சிங்கப்பூர்' என்ற எழுத்து விமானத்துக்கு வலப்பக்கம், வெறும் மேகத்தில் தொங்கியது. நேற்று மாலைவரை பொன்னாக வேலை செய்த சனியன்!

ரூபேந்திரன் நல்ல மனிதர். "பரவால்லக்கா. டேட்டா லேட்டா வருது லா. பிளேன் முன்னால போயிருச்சு, பேரு பின்னால வருது. எல்லாருக்கும் வர்ற பிரச்சனதான்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், மானம் தப்பிவிடும். அவளும் ஆட்டத்தான் போனாள். அதற்குள் இடப்பக்கத்திலிருந்து இன்னொரு விமானம் வந்தது. அதற்கும் எழுத்து வலப்பக்கமே நின்றது. அதாவது, விமானத்துக்கு முன்னால். தாமதமாக வருகிற பெயர் விமானத்தை முந்திக்கொண்டு எப்படி ஓடும்?

சோதனை மேசையில் பத்துப் பலகைகள் வரிசையாக ஒரே மாதிரி தோற்றால், அவள் பலகைகளைத் தூக்கிப் போட மாட்டாள். முதலில் மேசையைக் கழற்றிப் பார்ப்பாள். இந்தச் செயலியை அவள் சோதித்த மேசை எது? வீட்டு வாசல். தலைக்கு மேல் தகரம், ஒரு பக்கம் இரும்புத் தூண், மறுபக்கம் கார். இத்தனை இரும்புக்கு நடுவே எந்தத் திசைகாட்டிதான் நேராக நிற்கும்? அது கோணியது கூரையால். அவளோ செயலியைக் கோணலாக்கி வைத்துவிட்டாள்.

"அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "டேட்டா லேட் இல்ல சார். தப்பு என்னோடது. ஒரு வரிய அழிக்கணும். அடுத்த பிளேன் வரைக்கும் நில்லுங்க."

"அக்கா, எனக்கு டைம்…"

"ரெண்டு மாசம் செஞ்சிருக்கேன் சார். பத்து நிமிஷம் நிக்க மாட்டீங்களா?"

கேட்ட பிறகுதான், வேலை கேட்டு வந்தவள் பேசுகிற பேச்சா இது என்று அவளுக்கே உறைத்தது. ரூபேந்திரன் கார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

மடிக்கணினியைத் தன் சொந்த மோட்டாரின் இருக்கையில் வைத்து அந்த வரியை அழித்தாள். கைப்பேசியில் செயலியை மறுபடி ஏற்றிக்கொண்டு திடலின் நடுவுக்கு நடந்தாள்.

"அங்க நிக்காதீங்க சார். காரும் மோட்டாரும் இரும்பு. இங்க வாங்க."

காலில் பளபளக்கும் சப்பாத்தோடு மேலாளர் ஈரப் புல்லில் இறங்கினார். நேரம் ஓடியது. வானம் வேண்டுமென்றே காலியாகக் கிடந்தது. கடைசியில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒன்று வந்தது. எழுத்து அதன் மேலேயே உட்கார்ந்தது. திடலைத் தாண்டி மறையும்வரை இறங்கவே இல்லை.

"கூர கீழ நின்னா வீட்ல மறுபடி கோணும்," என்றாள். "திசகாட்டி குழம்புனா தள்ளி நிக்கச் சொல்லி ஆப்பே எச்சரிக்கணும். அத இன்னும் எழுதல. ஒரு வாரம் ஆகும்."

"எங்க ஆபீஸ்ல எழுதுங்க," என்றார் ரூபேந்திரன், சப்பாத்துச் சேற்றைப் புல்லில் தேய்த்தபடி. "திங்கக்கிழம ஒம்பது மணிக்கு வந்துருங்க."

கார் போன பிறகும் அவள் திடலின் நடுவிலேயே நின்றாள். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஜெயபாலன் கூப்பிட்டான். தேநீர் நேரம்.

"மதி, இங்க என்ன பதில் சொல்லட்டும்? ஆப்பு சரியா வந்துச்சா?"

"தப்பா வந்துச்சுங்க," என்றாள். "அதனாலதான் வேல கெடச்சுச்சு. நான் வரலன்னு சொல்லிருங்க."